‘எல்லாம் சர்வரில் இருக்கு’ என்றால் காலண்டரும் கான்டாக்டும் அதில் சேருமா?

பெங்களூர் பீன்யாவில் ஒரு சிறு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பதாகவும், வருகிற சனிக்கிழமை உங்கள் பழைய சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிட்டுப் புதியது கொடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவுட்லுக்கில் பல வருட மெயில், காலண்டர், கான்டாக்ட் எல்லாம் இருக்கிறது. ஏஎம்சி ஆளிடம், அதாவது வருடாந்திர ஒப்பந்தத்தில் சிஸ்டங்களைப் பராமரிப்பவரிடம் கேட்டால், “எல்லாம் சர்வர்ல இருக்கு, பாஸ்வேர்ட் போட்டா தானா வந்துடும்” என்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று எந்த ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி செய்துகொள்வது என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: இந்த மூன்றில் எது சர்வரில் இருக்கிறது, எது உங்கள் மேசையில் உள்ள அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதைக் காப்பி செய்வது என்பது பெரிய விஷயமே இல்லை. இது தெரியாமல் நூறு ஜிபி காப்பி செய்தாலும் வேண்டியது விட்டுப்போகலாம்.

பெங்களூரில் சிறு அலுவலகங்களுக்கு மெயிலும் சிஸ்டமும் பார்த்துக்கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து உங்களைப் போலப் பழைய சிஸ்டத்தை மாற்றும் அலுவலகங்கள் அதிகமாகியிருக்கின்றன. அங்கெல்லாம் ஒரே வாக்கியம்தான் காதில் விழுகிறது: எல்லாம் சர்வரில் இருக்கு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது மெயில். புது சிஸ்டத்தில் கணக்கைச் சேர்த்ததும் இன்பாக்ஸ் மளமளவென்று நிறைகிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள், பழைய டிஸ்க் துடைக்கப்படுகிறது. நாலைந்து நாள் கழித்து யாராவது காலண்டரைத் திறக்கும்போதுதான் அது வெறுமையாக இருப்பது தெரிகிறது. அளவுக் கருவிகளை காலிப்ரேஷனுக்கு அனுப்ப வேண்டிய தேதிகளை வருடக்கணக்கில் அவுட்லுக் காலண்டரிலேயே போட்டு வைத்திருந்த ஒரு பட்டறையில் இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். மெயிலில் ஒன்றுகூடக் குறையவில்லை. காலண்டரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் கணக்கின் வகையில் இருக்கிறது. உங்கள் அலுவலக மெயில் எந்த வகை என்று கேள்வியில் இல்லை, அதனால் மூன்றையும் சொல்கிறேன். முதலாவது பாப். இதில் சர்வர் என்பது தபால்பெட்டி மட்டுமே. மெயில் உங்கள் சிஸ்டத்துக்கு இறங்கி, அங்கேயே தங்கிவிடும். சர்வரில் ஒரு நகல் வைத்திரு என்று அவுட்லுக்கில் டிக் இருக்கலாம். ஆனால் அதற்குக் கீழேயே 14 நாளுக்குப் பிறகு நீக்கு என்பதும் வழக்கமாக டிக் ஆகியிருக்கும், யாரும் அதைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, நீங்கள் அனுப்பிய மெயில்கள். சாதாரண ஹோஸ்டிங் நிறுவனத்து மெயிலில் பாப் வழியாக வேலை செய்தால் ‘சென்ட்’ ஃபோல்டர் முழுவதும் உங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. சப்ளையருக்கு நீங்கள் என்ன விலைக்கு, எந்தத் தேதிக்கு ஆர்டர் கொடுத்தீர்கள் என்பதற்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது. பாப் என்றால் மெயில், காலண்டர், கான்டாக்ட் மூன்றுமே வழக்கமாக உங்கள் சிஸ்டத்தில் உள்ள பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலுக்குள் இருக்கும். அந்த ஃபைல் போனால் மூன்றும் போகும்.

இரண்டாவது ஐமேப். சிறு நிறுவனங்களில் இதுதான் இப்போது அதிகம், ஏமாற்றுவதும் இதுதான். இதில் மெயில் சர்வரிலேயே இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் இருப்பது அதன் நகல். ஆனால் ஐமேப் என்பது மெயிலுக்காக மட்டுமே வகுக்கப்பட்ட முறை. காலண்டரையும் கான்டாக்டையும் சர்வருக்குக் கொண்டுபோக அதற்கு வழியே கிடையாது. எனவே அவுட்லுக் அவற்றை உங்கள் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்கிறது. 2013-லிருந்து வந்த அவுட்லுக் பதிப்புகளில் இடப்பக்கம் காலண்டர் பெயரைப் பாருங்கள், பக்கத்திலேயே ‘திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி’ என்று போட்டிருக்கும். இந்த சிஸ்டத்தில் மட்டும் என்று அவுட்லுக்கே எழுதி வைத்திருக்கிறது. வருடக்கணக்காகக் கண்முன்னே இருப்பதால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365. இதில் மெயில், காலண்டர், கான்டாக்ட் மூன்றும் சர்வரில்தான் இருக்கின்றன. ஏஎம்சி ஆள் சொன்னது இங்கே முழு உண்மை. கூகுள் ஒர்க்ஸ்பேஸை பிரவுசரில் பயன்படுத்தினாலும் அப்படித்தான். ஆனால் அதே கூகுள் கணக்கை அவுட்லுக்கில் ஐமேப்பாகச் சேர்த்திருந்தால் கதை மாறிவிடும். பிரவுசரில் கூகுள் காலண்டர் ஒன்று, அவுட்லுக்கில் இந்த சிஸ்டத்துக்கு மட்டுமான காலண்டர் ஒன்று என இரண்டு தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எதில் போட்டு வந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் சிஸ்டத்தில் பாருங்கள். கிளாசிக், அதாவது பழைய வடிவ அவுட்லுக்கில் ஃபைல், பிறகு அக்கவுன்ட் செட்டிங்ஸ், மறுபடியும் அக்கவுன்ட் செட்டிங்ஸ். திறக்கும் பெட்டியின் முதல் பக்கத்தில் உங்கள் மெயில் முகவரிக்கு எதிரே பாப், ஐமேப், எக்ஸ்சேஞ்ச் என்று வகை எழுதியிருக்கும். பக்கத்திலுள்ள ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்பதைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஃபைல், அது இருக்கும் இடம், அதன் கடைசியில் பிஎஸ்டி அல்லது ஓஎஸ்டி. எந்த வரிக்கு டிக் போட்டிருக்கிறதோ அதுதான் இயல்பான ஃபைல், புதிதாகப் போடும் காலண்டர் குறிப்புகள் பெரும்பாலும் அதில்தான் சேரும். பழைய அவுட்லுக்கிலிருந்து மாறி வந்த சிஸ்டங்களில் இந்தப் பட்டியலில் இரண்டு மூன்று பிஎஸ்டி இருப்பது சகஜம்: எப்போதோ யாரோ ஆர்க்கைவ் செய்தது ஒன்று, பழைய கம்பெனி டொமைனுக்கானது ஒன்று. சில நேரம் காலண்டர் ஒரு ஃபைலில், கான்டாக்ட் வேறொரு ஃபைலில் இருக்கும். அந்தப் பட்டியலை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்ன நடந்தாலும், என்னென்ன இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

பிஎஸ்டி, ஓஎஸ்டி வித்தியாசம் பெயரளவுக்கானது அல்ல. பிஎஸ்டியை இன்னொரு சிஸ்டத்துக்கு எடுத்துப்போய்த் திறக்கலாம். ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதற்கான உள்ளூர் நகல். அது உருவான புரொஃபைலோடு பிணைக்கப்பட்டது, வேறு சிஸ்டத்தில் வைத்தால் அவுட்லுக் அதைத் திறக்காது. ஐமேப் கணக்கின் காலண்டரும் கான்டாக்டும் இந்த ஓஎஸ்டிக்குள்தான் இருக்கின்றன என்பதால், அந்த ஃபைலை பென் டிரைவில் போட்டு எடுத்துப்போனவர்கள் கையில் ஃபைல் இருந்தும் உள்ளே போக முடியாமல் நிற்கிறார்கள். ஓஎஸ்டியை பிஎஸ்டியாக மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் விற்கின்றன. சில வேலை செய்கின்றன, சில பாதியைத் தருகின்றன. அது கடைசி வழி. அதிலும் ஃபைலை இணையத்தில் ஏற்றச் சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள், உங்கள் கம்பெனியின் விலைப்பட்டியல் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

ஆகவே உங்கள் கணக்கு எந்த வகையாக இருந்தாலும், அவுட்லுக் இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்துவிடுவதுதான் உறுதியான வழி. ஃபைல், ‘ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட்’. அதில் ஃபைலுக்கு எக்ஸ்போர்ட் செய், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று தேர்ந்தெடுங்கள். அடுத்து ஃபோல்டர் பட்டியல் வரும். இன்பாக்ஸை அல்ல, அதற்கு எல்லாம் மேலே இருக்கும் மெயில் முகவரியையே தேர்ந்தெடுத்து, ‘இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இன்பாக்ஸ் மட்டும் தேர்வாகியிருந்தால் காலண்டரும் கான்டாக்டும் வெளியே நின்றுவிடும். டேட்டா ஃபைல்ஸ் பட்டியலில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக இதைச் செய்ய வேண்டும். பிஎஸ்டியாகவே இருப்பவற்றை எக்ஸ்போர்ட் செய்யாமல், அவுட்லுக்கை முழுவதும் மூடிவிட்டு ஃபைலையே காப்பி செய்தாலும் போதும். திறந்திருக்கும்போது காப்பி ஆகாது, ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் அல்லது 365 கணக்காக இருந்தால் எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் கணக்கைத் திறந்தால், எத்தனை மாத மெயிலை உள்ளூரில் வைப்பது என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். பல சிஸ்டங்களில் அது ஒரு வருடத்தில் நிற்கிறது. எக்ஸ்போர்ட் செய்தால் அந்த ஒரு வருடம் மட்டும்தான் பிஎஸ்டிக்குள் போகும், ஆனால் அவுட்லுக் எந்த எச்சரிக்கையும் தராது. ஸ்லைடரை ‘ஆல்’ வரை தள்ளி, அவுட்லுக்கை மூடித் திறந்து, கீழ்ப்பட்டியில் எல்லா ஃபோல்டரும் முழுமை என்று காட்டும்வரை விட்டுவிடுங்கள். மெயில் அதிகம் என்றால் ஓர் இரவு பிடிக்கும். பலரும் சேர்ந்து பார்க்கும் பொது மெயில்பெட்டிகள் இதில் சேராது. அவற்றை யார் எடுப்பது என்று தனியாகக் கேளுங்கள்.

சிலர் உங்களிடம், கண்ட்ரோல் ஏ போட்டு டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் காப்பி செய்தால் போதும் என்பார்கள். பாதி சரி. அவுட்லுக் 2010-லிருந்து வந்த பதிப்புகள் புதிதாக உருவாக்கும் பிஎஸ்டி, டாக்குமென்ட்ஸுக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அதற்கு முந்தையவையும் எல்லா ஓஎஸ்டியும் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. உங்கள் கையெழுத்து, அதாவது மெயிலின் அடியில் வரும் பெயர், பதவி, கம்பெனி முகவரி, அதுவும் ஆப்டேட்டாவில் ரோமிங், மைக்ரோசாஃப்ட், சிக்னேச்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. சின்ன ஃபோல்டர்தான், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் மெயிலை சப்ளையர் வாரியாகப் பிரித்துப் போட ரூல்ஸ் வைத்திருந்தால், அந்த ரூல்ஸ் பெட்டியிலேயே ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் இருக்கிறது.

கான்டாக்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலர் கான்டாக்ட் என்று நினைத்துக்கொண்டிருப்பது கான்டாக்டே அல்ல. மெயில் எழுதும்போது ‘டு’ கட்டத்தில் இரண்டு எழுத்து தட்டியதும் முழு முகவரி வந்து விழுகிறதே, அது நீங்கள் முன்பு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அதை அவுட்லுக் தானாக நினைவில் வைத்திருக்கும் பட்டியல். கான்டாக்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள் சிஸ்டத்தில்கூட அதில் பத்துப் பதினைந்து பெயர் மட்டுமே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீதி எல்லாம் அந்த நினைவுப் பட்டியலில். பாப், ஐமேப் கணக்குகளில் அந்தப் பட்டியல் பிஎஸ்டி எக்ஸ்போர்ட்டில் வராது. ஆப்டேட்டாவுக்குள் ‘ரோம்கேஷ்’ என்ற ஃபோல்டரில் தனி ஃபைலாக இருக்கிறது. அதைப் புது சிஸ்டத்தில் சரியான பெயரில் பொருத்துவது நுணுக்கமான வேலை, சில நேரம் ஒட்டாது. அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. சென்ட் ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்து சிஎஸ்வியாக, அதாவது எக்ஸலில் திறக்கும் எளிய அட்டவணையாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். யாருக்கு அனுப்பினீர்கள் என்ற பெயரும் முகவரியும் தனித்தனிப் பத்தியாக வந்துவிடும். ஒரே முகவரி பலமுறை இருக்கும், அதை நீக்கினால் உங்கள் உண்மையான தொடர்புப் பட்டியல் கையில்.

ஆனால் கான்டாக்ட் ஃபோல்டரையே சிஎஸ்வியாக எடுத்து அதுதான் பேக்கப் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இதில் நம் ஆட்களுக்கென்றே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. தமிழிலோ கன்னடத்திலோ பெயர் சேமித்திருந்தால், கிளாசிக் அவுட்லுக்கின் சிஎஸ்வியில் அந்த எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ‘முருகன் ஸ்டீல்ஸ்’ என்ற இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் இருக்கும், அதிலிருந்து பெயரைத் திரும்ப வரவழைக்க முடியாது. அடுத்தது எக்ஸல். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்தால் எக்ஸலில்தான் திறக்கும். 91-ல் தொடங்கும் பன்னிரண்டு இலக்க மொபைல் எண்ணை அது பெரிய கணக்கு எண்ணாக எடுத்துக்கொண்டு 9.19 போன்ற ஓர் எண்ணை அடுத்து ஓர் ஈ, ஒரு கூட்டல் குறி, 11 என்று காட்டும். பெங்களூர் லேண்ட்லைனை இடைவெளியில்லாமல் 080 என்று தொடங்கி எழுதியிருந்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். பார்த்துவிட்டு மூடினால் ஒன்றும் ஆகாது. சேமித்தீர்களோ, காட்டியது எதுவோ அதுவே ஃபைலில் எழுதப்படும், கடைசி இலக்கங்கள் திரும்ப வராது. ஆகவே பிஎஸ்டிதான் மூலப் பேக்கப். சிஎஸ்வி வேண்டுமென்றால் கண்ணால் பார்க்க ஒரு தனி நகல். கூகுள் கான்டாக்ட்ஸில் இருப்பவர்கள் விகார்ட் என்ற தொடர்பு அட்டை வடிவில் எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

காலண்டருக்கும் பிஎஸ்டியோடு சேர்த்து ஓர் ஐசிஎஸ் நகல் எடுத்து வைப்பது நல்லது, ஏனென்றால் அதை எந்த காலண்டரும் படிக்கும். அவுட்லுக்கில் காலண்டரைத் திறந்து ஃபைல், சேவ் காலண்டர். சேமிக்கும் முன் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ தட்டி, முழு காலண்டரும் முழு விவரமும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கூகுள் காலண்டரில் செட்டிங்ஸுக்குள் எக்ஸ்போர்ட் இருக்கிறது. உங்களுக்குச் சொந்தமான காலண்டர்கள் மட்டும் அதில் வரும், மற்றவர் பகிர்ந்தவை வராது. கூகுளில் மெயிலோடு மொத்தமாக எடுக்க ‘டேக்அவுட்’ என்ற வசதி உண்டு. அலுவலகக் கணக்கில் அட்மின் அதை மூடி வைத்திருக்கலாம், அப்படியானால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

எதில் காப்பி செய்வது என்று கேட்டதற்கு வருகிறேன். பென் டிரைவ் கைமாற்றத்துக்கு, வைத்திருக்க அல்ல. பெரும்பாலான பழைய பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனவை, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அவை ஏற்காது. 32 ஜிபி காலியாக இருந்தும் 6 ஜிபி பிஎஸ்டி போகவில்லை என்று திகைத்தால் காரணம் அதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தால் போகும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். அதை விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியைப் போட்டுப் பூட்டுங்கள். பூட்டுவதற்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும், திறப்பதற்கு எந்த விண்டோஸும் போதும். மீட்புச் சாவி என்று அது தரும் நீண்ட எண்ணை அச்சடித்து, டிஸ்க் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். பிஎஸ்டிக்கே பாஸ்வேர்ட் போடலாம் என்று ஒரு வசதி இருக்கிறது, அதை நம்ப வேண்டாம், எளிதில் உடையும்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த டிஸ்க் உங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. அலுவலக மெயில் கம்பெனிக்குச் சொந்தம். நல்ல எண்ணத்தில் எடுத்தாலும், சொல்லாமல் எடுத்தால் நாளை அது உங்கள் மேலேயே குற்றமாகத் திரும்பும். எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் மேலாளருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள்: சனிக்கிழமை ஃபார்மட்டுக்கு முன் என் மெயில்பெட்டியை அலுவலக ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன், டிஸ்க்கை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று. நீங்கள் கேட்பது உங்கள் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிகள் சட்டத்தின்படி கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் எட்டு நிதியாண்டு இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் எத்தனை இன்வாய்ஸ் மெயிலில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சப்ளையரோடு வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பிஎஸ்டியில் மெயிலின் ஹெடர், அதாவது அது வந்த வழியையும் நேரத்தையும் காட்டும் பகுதி, முழுவதும் அப்படியே இருக்கிறது. பிடிஎஃப் ஆகப் பிரின்ட் எடுத்தவற்றில் அது இருக்காது. வழக்கில் எது நிற்கும் என்பதை உங்கள் வக்கீல்தான் சொல்ல வேண்டும், ஆனால் மூல வடிவம் கையில் இருந்தால் அவருக்கு வழி இருக்கும்.

மூன்றும் சர்வரில் இருக்கிற 365 அல்லது ஒர்க்ஸ்பேஸ் என்று தெரிந்தாலும் பேக்கப் வேண்டாம் என்று ஆகிவிடாது. சர்வரும் உங்கள் சிஸ்டமும் ஒன்றையொன்று பார்த்து ஒரே மாதிரி ஆகிக்கொண்டே இருக்கின்றன. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஜிமெயில் குப்பைத் தொட்டியில் 30 நாள், அதற்குப் பிறகு ஒர்க்ஸ்பேஸ் அட்மினால் 25 நாளுக்குள் மீட்க முடியும், அதோடு சரி. மைக்ரோசாஃப்ட் 365-ல் குப்பையிலிருந்தும் நீக்கியதை மீட்க இயல்பாக 14 நாள், அட்மின் நீட்டினால் அதிகபட்சம் 30. போன வருடம் யாரோ தவறுதலாக அழித்த ஃபோல்டர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஒரு சிறு பகுதியினரின் மெயில்பெட்டிகள் காலியாகின. பல இடங்களில் நகல் வைத்திருந்த கூகுளே, கடைசியில் இணைப்பில் இல்லாத டேப்களிலிருந்துதான் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இணைப்பில் இல்லாத நகல் என்பதுதான் இங்கே முக்கியம். ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் சொருகியிருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

எடுத்த பேக்கப்பை வேறொரு சிஸ்டத்தில் திறந்து பார்க்காதவரை அது பேக்கப் என்று நான் கணக்கில் வைப்பதில்லை. ஃபைலை இன்னொரு முறை காப்பி செய்து, பக்கத்து மேசையில் உள்ள கிளாசிக் அவுட்லுக்கில் ‘ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்’ வழியாக அந்த நகலைத் திறங்கள். திறந்தாலே அவுட்லுக் ஃபைலில் கை வைக்கும், அதனால்தான் நகல். இன்பாக்ஸ், சென்ட், காலண்டர், கான்டாக்ட் நான்கிலும் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸில் மொத்த எண்ணிக்கை காட்டச் சொல்லி, இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆகப் பழைய மெயில் ஒன்றைத் திறந்து அதனோடு வந்த இணைப்பு ஃபைல் திறக்கிறதா பாருங்கள். மாதாமாதம் திரும்ப வரும்படி போட்ட காலண்டர் குறிப்பு ஒன்று அடுத்த மாதத்திலும் தெரிகிறதா, குரூப் போட்டு வைத்த கான்டாக்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாதி எக்ஸ்போர்ட்டில் பிழை காட்டி நின்றால், அல்லது பீன்யாவில் கரண்ட் போய் நடுவில் சிஸ்டம் அணைந்திருந்தால், அவுட்லுக்கோடு வரும் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுங்கள். அதையும் நகலின் மேல் மட்டும், ஏனென்றால் சரிசெய்ய முடியாததை அது தூக்கிப் போட்டுவிடும்.

புது சிஸ்டத்தில் திரும்பப் போடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பழைய பிஎஸ்டியை அப்படியே ஐமேப் கணக்கின் ஃபோல்டர்களுக்குள் இழுத்துப் போட்டால், அத்தனை மெயிலும் சர்வருக்கு ஏறத் தொடங்கும். உங்கள் மெயில்பெட்டிக்கு 5 ஜிபிதான் ஒதுக்கீடு என்றால் அது நிரம்பி, புதிதாக வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். காலண்டரையும் கான்டாக்டையும் மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். பழைய மெயிலை பிஎஸ்டியாகவே பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், தேடினால் கிடைக்கும். அந்த பிஎஸ்டியை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளோ நெட்வொர்க் டிரைவிலோ வைத்து அங்கிருந்தே திறக்க வேண்டாம், கெட்டுப்போக அதுவே காரணமாகும். புது சிஸ்டத்தில் மேல்மூலையில் ‘நியூ அவுட்லுக்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் இந்த வேலை முடியும்வரை கிளாசிக்கிலேயே இருங்கள். புதியதில் பிஎஸ்டி வசதி கிளாசிக் அளவுக்கு முழுமையானது அல்ல.

எந்த வகைக் கணக்கானாலும் ஏஎம்சி ஆளிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். பழைய டிஸ்க்கை சனிக்கிழமையே துடைக்க வேண்டாம், கழற்றி, உங்கள் பெயரும் தேதியும் எழுதி, ஒரு மாதம் அலுவலக அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்; இருந்தால் கழற்றுவதற்கு முன் அதன் மீட்புச் சாவியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழற்றி வைத்தும் பயனில்லை. சிஸ்டத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டிய வாடகைக் கருவி என்றால் இது நடக்காது, அப்போது எக்ஸ்போர்ட்டும் சரிபார்ப்பும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் முதலில் காலண்டரையும் கான்டாக்டையும் எடுங்கள், நிமிடங்களில் முடியும்; பாப் கணக்கு என்றால் அடுத்து சென்ட் ஃபோல்டர், பிறகு மற்றவை. டேட்டா ஃபைல்ஸ் பட்டியலில் என்னென்ன வரிகள் தெரிகின்றன, கணக்கு வகை என்ன என்று முகவரியையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிட்டு இங்கே எழுதினால், எந்தெந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.